யாரோடது அக்கா

ஸ்டேப்ளரை நீட்டியாயிற்று, ஆனால் விரல்கள் அதை விடவில்லை. வாங்க வந்த எதிர்மேசைக்காரர் ஒரு முறை இழுத்துப் பார்க்கிறார். வரவில்லை. இன்னொரு முறை இழுக்கிறார். ஊஹூம், உடும்புப்பிடி. அப்புறம்தான் மனிதருக்கு ஞாபகம் வருகிறது. "வாங்கிட்டேன் அக்கா, வாங்கிட்டேன்" என்கிறார். உடனே விரல்கள் திறந்துகொள்கின்றன.

பதினாறு வருடமாக ஒரே அறையில், ஒரே சன்னலை ஆளுக்குப் பாதியாகப் பங்குபோட்டுக்கொண்டு வேலை பார்க்கிறவருக்கே இது மறந்துபோகிறதென்றால், புதிதாக வருகிறவர்கள் பாட்டைக் கேட்கவே வேண்டாம். தேநீர்க் கோப்பையோ, அலமாரிச் சாவியோ, ஒற்றைத் தாளோ, எது கைமாறினாலும் "வாங்கிட்டேன்" என்ற சொல் காதில் விழாமல் அக்கா பிடியைத் தளர்த்த மாட்டார். எப்போதோ ஒரு கண்ணாடி ஜாடி அவருக்கும் அவர் நாத்தனாருக்கும் நடுவில் விழுந்து உடைந்ததாம். "நான் பிடிச்சிட்டேன்னு அவ நெனச்சா. அவ பிடிச்சிட்டான்னு நான் நெனச்சேன். ஜாடி மட்டும் ஒண்ணும் நெனைக்கல" என்று அந்தக் கதையை முடிப்பார்.

அக்காவுக்கு வயது ஐம்பத்தொன்று. குள்ள உருவம், தடித்த கண்ணாடி, நடையில் எப்போதும் ஒரு அவசரம். வலது காதில் கண்ணாடிக் கம்பிக்கு மேலே ஒரு பென்சில் செருகியிருக்கும். ஒரு முனை சிவப்பு, மறுமுனை நீலம். மருத்துவமனைகளில் நோயாளியின் உடம்புக்குள் மருந்தை மணிக்கு இவ்வளவு என்று அளந்து செலுத்துகிற கருவியைத் தயாரிக்கும் இடத்தில் அவருக்கு வேலை. கருவிக்குள் ஓடும் கணினி நிரலை ஐந்து பேர் எழுதுகிறார்கள். அக்காவும் எழுதுவார். ஆனால் மற்ற நால்வரும் எழுதியதைப் படித்துச் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுகிற பொறுப்பு அவருடையது. அந்தக் கையெழுத்து இல்லாமல் ஒரு வரிகூடக் கருவிக்குள் ஏறாது.

ஊரே திரையில் படிக்கிற காலத்தில் அக்கா மட்டும் அச்செடுத்துத்தான் படிப்பார். கருவியின் நினைவகத்தில் ஓர் இடம் கேட்டு வாங்கப்படும் வரியில் சிவப்புக் கோடு. அந்த இடம் திருப்பித் தரப்படும் வரியில் நீலக் கோடு. சிவப்பு இருந்து நீலம் இல்லாவிட்டால் தாளைத் தூக்கிக்கொண்டு எழுதியவரிடம் போய் நிற்பார். கோபப்பட மாட்டார், குரலை உயர்த்த மாட்டார். "இது யாரோடது?" என்று மட்டும் கேட்பார். அந்த ஒரே கேள்வியைப் பதினாறு வருடமாகக் கேட்டுக் கேட்டு, அவருடைய சொந்தப் பெயரே அலுவலகத்துக்கு மறந்துவிட்டது. யாரோடது அக்கா என்றால்தான் வாசல் காவலாளிக்கும் தெரியும்.

அக்காவின் வீட்டுக்காரர் லிஃப்ட் பழுது பார்க்கிறவர். "அப்படி என்னதான் பாத்துப் பாத்துக் கோடு போடறே?" என்று ஒரு நாள் வாயைப் பிடுங்கினார். அக்கா பாத்திரம் தேய்த்துக்கொண்டே சொன்னார்.

"உங்க ஃபிரெண்டு ஆஸ்பத்திரியில இருக்காருன்னு வெச்சுக்குங்க. பதினாலாம் நம்பர் கட்டில்னு ஒரு துண்டுச்சீட்டுல எழுதி உங்க கையில கொடுத்துட்டேன். அதுதான் பாயிண்டர். சீட்டுல நம்பர் மட்டும்தான் இருக்கும். அந்தக் கட்டில்ல இப்ப யாரு படுத்திருக்காங்க, அவர் வீட்டுக்குப் போயிட்டாரா, எதுவும் இருக்காது. நீங்க ஃபிளாஸ்க்ல பால் எடுத்துட்டுப் போறீங்க. அவர் நேத்தே போயிட்டாரு. கட்டில்ல வேற ஆள்."

"சரி, பால் வீணாகாது. அந்த ஆள் குடிச்சிருவாரு."

"அங்கதாங்க ஆபத்து. வீணாப் போனா தெரிஞ்சிடும். யாரோ குடிச்சிட்டா தெரியவே தெரியாது."

வீட்டுக்காரர் "பாயிண்டரை விடு, எனக்குப் பால் எங்க?" என்றார். அவரிடம் இதற்கு மேல் எதிர்பார்க்கவும் கூடாது. ஆனால் அவர் அறியாமல் விஷயத்தின் மையத்தைத் தொட்டுவிட்டார். பாயிண்டர் என்கிற இந்த வெறும் சுட்டிகளின் பொல்லாத்தனமே அதுதான்: தப்பான கட்டிலுக்குப் போனாலும், பெரும்பாலான நாள் எல்லாம் ஒழுங்காக நடப்பதுபோலவே இருக்கும்.

அதனால்தான் அக்காவுக்கு இன்னொரு கண்டிப்பு. ஓர் இடத்தைத் திருப்பிக் கொடுத்த அடுத்த வரியிலேயே, கையில் இருக்கும் சுட்டியில் பூஜ்யம் போட்டாக வேண்டும். "விட்டாச்சுன்னா அதோட நம்பர்கூட நம்ம கையில இருக்கக் கூடாது. இருந்தா கை தானா அங்க போகும்." இதை அவர் நிரலோடு நிறுத்திக்கொள்வதில்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் வேறு ஊருக்குப் போன அன்று, அவர்கள் அவசரத்துக்கென்று கொடுத்து வைத்திருந்த சாவியைத் திருப்பிக் கொடுத்ததோடு விடவில்லை. அது தொங்கிய வளையத்தையும் கொத்திலிருந்து கழற்றி எறிந்தார். தொலைபேசி எண்ணை மாற்றிக்கொண்டவர்களின் பழைய எண்ணைக் குறிப்பேட்டில் அடித்துப் பக்கத்தில் ஒரு சுழியும் போட்டு வைப்பார். சம்பந்திக்கே இந்தச் சுழி கிடைத்திருக்கிறது.

எதிர்மேசைக்காரர் இதற்கெல்லாம் நேர் எதிர். தாராளமான உடம்பு, தாராளமான மனசு. மேசையில் இருக்கும் பேனா எதுவும் அவருடையதாக இருக்காது. அவருடைய பேனாக்கள் ஊர் முழுக்க இருக்கும். "இப்பல்லாம் புது கம்ப்யூட்டர் மொழி வந்திருச்சு அக்கா. அதுல எழுதினா யாரோடதுன்னு மெஷினே கேக்குது. பதில் சொல்லாம உள்ளயே விடறதில்ல. உங்க வேலையை அது பாத்துக்கும்" என்று சீண்டுவார்.

"கேக்கட்டுமே, நல்லதுதானே? ஆனா மருந்தைத் தள்ளற மோட்டாரைத் தொடற எடத்துல அந்த மொழியும் கையை விரிச்சிடுது. இங்கிருந்து நீ பொறுப்புன்னு நம்ம தலையில கட்டிட்டு ஒதுங்கிக்குது. அப்ப யாரு கேப்பா?"

"நீங்கதான் அக்கா கேப்பீங்க. வேற யாருக்கு வாய் இருக்கு?"

இப்படி ஒருவரையொருவர் வாரிக்கொண்டு நாள்கள் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தன, ஒரு நர்ஸ் தொலைபேசியில் பேசும்வரை.

ஒரு குழந்தைக்கு மணிக்குப் பன்னிரண்டு மில்லி என்று அளவு வைத்திருக்கிறார் அந்த நர்ஸ். சற்று நேரத்தில் திரும்பிப் பார்த்தால் கருவியின் திரை நூற்று நாற்பது என்கிறது. வேறு யாராக இருந்தாலும் உடனே அளவைக் குறைத்திருப்பார்கள். அவர் பொத்தானைத் தொடவில்லை. மருந்துக் குழாயின் சின்னக் கூட்டில் நிமிடத்துக்கு எத்தனை சொட்டு விழுகிறதோ, மணிக்கு அத்தனை மில்லி. அந்தச் சொட்டுகளைக் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி ஒரு முழு நிமிடம் எண்ணியிருக்கிறார். பன்னிரண்டு. உள்ளே மருந்து சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. வெளியே திரைதான் பொய் சொன்னது. கருவியை மாற்றிவிட்டு, குழந்தை தூங்கிய பிறகு அழைத்திருந்தார்.

"தெரை ஒண்ணு சொல்லுது, சொட்டு ஒண்ணு சொல்லுது. நான் சொட்டை நம்பினேம்மா" என்றார்.

"நீங்க தெரையை நம்பிக் கொறைச்சிருந்தா?"

"நூத்தி நாப்பதுலேருந்து எறக்கிக்கிட்டே வந்திருப்பேன். உள்ள ஓடறதே பன்னெண்டு. கொழந்தைக்கு ஒரு சொட்டுகூடப் போயிருக்காது."

பேசி முடித்த பிறகும் அக்கா ரிசீவரைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை இதே கருவிகள் நாற்பது, வேறொரு மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவுக்குப் போவதாக இருந்தது. பெட்டிகள் கட்டப்பட்டு, கீழ்த்தளத்தில் வரிசையாக அடுக்கியும் ஆயிற்று.

கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு என்பார்களே, அப்படித் தேடினார். ஒன்பது நாள், நானூற்றுச் சொச்சம் பக்கம். சிவப்புக்கு நீலம், நீலத்துக்குப் பூஜ்யம், எல்லாம் கச்சிதமாக இருந்தன. ஒன்பதாவது நாள், மதியச் சாப்பாட்டை முடித்துவிட்டு வந்தவர் உட்காராமல் நின்றபடியே தாள்களைப் புரட்டினார். கோடே இல்லாத வரிகளைப் படித்துப் பார்த்தால் என்ன என்று அப்போதுதான் தோன்றியது.

அகப்பட்டது. ஒரு நோயாளிக்கு மருந்து தொடங்கும்போது அவருடைய அளவு விவரத்துக்காக நினைவகத்தில் ஓர் இடம் எடுக்கப்படும். முடிந்ததும் திருப்பிக் கொடுக்கப்படும். அதெல்லாம் ஒழுங்கு. ஆனால் திரையைக் கவனிக்கிற பகுதி, அந்த இடத்தைக் காட்டும் சுட்டி ஒன்றைத் தானும் வைத்துக்கொண்டிருந்தது. அது இடத்தை எடுக்கவுமில்லை, கொடுக்கவும் போவதில்லை, பார்ப்பதோடு சரி. எடுப்பதற்கும் கொடுப்பதற்கும் நிறம் வைத்திருந்த அக்கா, சும்மா பார்த்துக்கொண்டிருப்பதற்கு நிறமே வைக்கவில்லை. இடத்தைக் கொடுத்த பிறகும் திரை பழைய கட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தது. அடுத்த நோயாளிக்கும் பெரும்பாலும் அதே இடமே கிடைத்ததால் ஒன்பது வருடமாகக் குட்டு வெளிப்படவில்லை. அந்த நர்ஸின் கருவியில் மட்டும், ஒரு குழந்தையிடமிருந்து எடுத்து இன்னொரு குழந்தைக்கு மாற்றும் இடைவெளியில் எச்சரிக்கை மணி அடித்திருக்கிறது. மணி அடித்த விவரம் அந்தக் காலியிடத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. திரை அதைப் படித்து நூற்று நாற்பது என்றது.

வரியை யார் எழுதியது என்று, மாற்றங்களைக் குறித்துவைக்கும் கணினியின் வரலாற்றைத் தட்டிப் பார்த்தார் எதிர்மேசைக்காரர். மூன்று வருடம் முன்பு வேலையை விட்டுப் போன ஒருவரின் பெயர் வந்தது. அமைதியான மனிதர், தாடி வைத்திருந்தவர், தானுண்டு தன் வேலையுண்டு என்று இருந்தவர். "நம்ம தாடிக்காரரா? அவரா இப்படி?" என்று எதிர்மேசைக்காரர் உச்சுக்கொட்டினார்.

அக்காவுக்குத் தெரியும். தாடிக்காரர் செய்ததெல்லாம் அந்த வரி இருந்த ஃபைலை ஓர் அடுக்கிலிருந்து இன்னோர் அடுக்குக்கு நகர்த்தியதுதான். கடைசியாகத் தொட்டவர் பெயரைத்தான் வரலாறு காட்டும். வரியை எழுதியவர் அக்கா. அதுமட்டுமா? நகர்த்துகிறபோது தாடிக்காரர் இதே வரியைக் காட்டி, "அக்கா, இந்த பாயிண்டரை யாரு பாத்துக்கறா?" என்று கேட்டிருந்தார். அக்கா அப்போது வேறெதையோ படித்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "சும்மா தெரையில காட்டத்தான் அது. நான் பாத்துக்கறேன்" என்றார். யாரோடது அக்காவிடம் ஒரே ஒரு ஆள் அவருடைய கேள்வியைத் திருப்பிக் கேட்டிருக்கிறார். அந்த ஒரு தடவை அக்கா தட்டிக்கழித்திருக்கிறார். அது நினைவுக்கு வந்ததும் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

வீட்டில் சொன்னார். வீட்டுக்காரர் ஒளிவுமறைவில்லாத மனிதர். "லிஃப்ட் நின்னுபோச்சுன்னா நாங்களும் கடைசியாக் கை வெச்சவன் பேரைத்தான் எழுதுவோம். அவன் வேலையை விட்டுப் போயிருந்தா இன்னும் வசதி" என்றார். பிறகு மனைவியின் முகத்தைப் பார்த்துவிட்டு, "வசதின்னுதான் சொன்னேன். சரின்னு சொல்லலையே" என்றார்.

அவர்கள் அலுவலகத்திலும் அதே வசதி உண்டு. தப்பு நடந்தால் நிரப்ப ஒரு படிவம் இருக்கிறது. அதில் 'எழுதியவர்' என்று ஒரு கட்டம். பதினாறு வருடப் படிவங்களைப் புரட்டினால், கட்டத்தில் இருக்கும் பெயர்களில் முக்கால்வாசி போனவர்களுடையவை. இருக்கிற யார் மனசும் நோகாது. ஆனால் கட்டத்தோடு ஒரு விதியும் வரும். அங்கே யார் பெயர் எழுதப்படுகிறதோ அவர் எழுதிய எல்லா வரிகளையும் வேறொருவர் முதலிலிருந்து படிக்க வேண்டும். படித்து முடியும்வரை அந்த வரிகள் உள்ள கருவி எதுவும் வெளியே போகக் கூடாது. அந்த ஆள் ஒரு வருடத்துக்கு யார் நிரலிலும் கையெழுத்துப் போடவும் கூடாது.

மேலாளர் நல்லவர். யாரையும் கடிந்துகொள்ளாமலே காலத்தை ஓட்டிவிட்டவர். வியாழக்கிழமை காலை அக்காவையும் எதிர்மேசைக்காரரையும் தன் அறைக்கு அழைத்தபோது படிவம் மேசையில் தயாராக இருந்தது.

"தப்பைக் கண்டுபிடிச்சாச்சு. அந்த வரியையும் சரி பண்ணியாச்சு. தாடிக்காரர் பேரைப் போட்டுருவோம். அவர் எழுதின ஃபைல் ரெண்டே ரெண்டுதான் இருக்கு, இன்னிக்கே படிச்சிடலாம். நாளைக்குப் பெட்டி போயிடும்."

"அதை எழுதினது நான் சார்."

"வரலாறுல அவர் பேர்தானேம்மா இருக்கு?"

"நகத்தினவர் பேர் அது. எழுதினது நான். அவர் வந்து கேட்டாரு, நான் பாத்துக்கறேன்னு சொன்னேன். பாக்கல."

மேலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இது நம்ம மூணு பேருக்குத்தான் தெரியும். அவர் எங்கயோ இருக்காரு. அவருக்கு ஒரு நட்டமும் இல்ல. பதினாறு வருஷம் நீங்க சேத்து வெச்ச பேரும்மா. உங்க கையெழுத்து இல்லாம இந்த எடத்தை நான் எப்படி நடத்தறது?"

உண்மையைச் சொன்னால் அக்கா தடுமாறினார். அந்தக் கையெழுத்துதான் அவருடைய அடையாளம், அவருடைய கர்வம். ஒரு வருடம் அது இல்லாமல், மற்றவர்கள் எழுதியதைத் தொடாமல், அந்தச் சன்னலோரம் எப்படி உட்காருவது? தாடிக்காரர் பெயரை எழுதினால் ஒருவருக்கும் தெரியப்போவதில்லை என்பதும் மெய்தான். படிவத்தைத் தன் பக்கம் இழுத்து, காலியாக இருந்த கட்டத்தின் மேல் விரலை வைத்தார்.

"சார், இந்தத் தப்பே அதுதானே? ஆள் போனப்புறமும் அங்கயே கையைக் காட்டிட்டிருந்தது. இப்ப படிவத்துலயும் அதையே பண்ணச் சொல்றீங்க. அவர் பேரைப் போட்டா அவர் ஃபைலைப் படிப்பீங்க. அதுல ஒண்ணும் இருக்காது. இதே மாதிரி 'சும்மா பாக்கத்தானே'ன்னு நான் விட்டது வேற எங்க எங்க இருக்கோ, எனக்கே தெரியல. அதை யாரும் படிக்க மாட்டீங்க. நாளைக்கு நாப்பது பெட்டியிலயும் அது போகும். எல்லா ஆஸ்பத்திரியிலயும் சொட்டை எண்ணுற நர்ஸ் இருப்பாங்களா?"

எதிர்மேசைக்காரர் எப்போதோ யாரிடமோ வாங்கிய பேனா ஒன்றைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து நீட்டினார். "வாங்கிட்டேன்" என்று சொல்லி வாங்கிக்கொண்டு, அலுவலகமே மறந்துபோன தன் பெயரை அக்கா கட்டத்துக்குள் நிறுத்தி நிதானமாக எழுதினார். கண் கலங்கியிருந்தது, எழுத்து கலங்கவில்லை.

வெள்ளிக்கிழமை பெட்டிகள் போகவில்லை. கீழ்த்தளத்தில் அவற்றைப் பிரிக்கிற சத்தம் மேலே வரை கேட்டது. அக்கா எழுதியதையெல்லாம் படிக்கிற வேலை எதிர்மேசைக்காரருக்கு வந்தது. "எனக்குத் திரையிலேயே கண்ணு தெரியும் அக்கா" என்று முதலில் வீறாப்பாகச் சொன்னவர், பத்து நிமிடத்தில் அச்செடுத்த தாள்களோடு வந்து நின்றார்.

அக்கா காதிலிருந்து பென்சிலை எடுத்து நீட்டினார். அவர் பிடித்து இழுத்தார். வரவில்லை. இந்த முறை அவருக்கு மறக்கவில்லை. வேண்டுமென்றேதான் ஒரு கணம் பேசாமலிருந்தார்.

"வாங்கிட்டேன் அக்கா."

விரல்கள் வழக்கம்போலச் சட்டென்று திறந்துகொள்ளவில்லை. ஒவ்வொன்றாகத்தான் விட்டன. பென்சிலைத் தன் காதில் செருகிக்கொள்ளப் பார்த்தார் எதிர்மேசைக்காரர். நிற்கவில்லை, இரண்டு முறை கீழே விழுந்தது. அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பச்சை நிறத்தில் தனியாக ஒரு பென்சில் வாங்கிவரச் சொன்னார், சும்மா பார்த்துக்கொண்டிருப்பவற்றுக்காக.

இரண்டு பேரும் சன்னலோரம் உட்கார்ந்தார்கள். எதிர்மேசைக்காரர் படிக்கப் படிக்க, அக்கா தன் நிரலைத் தலைகீழாக எதிர்ப்பக்கமிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். முப்பத்தோராம் பக்கத்தில் பச்சைப் பென்சில் நின்றது. மறுபடியும் அதே மாதிரி ஒரு வரி. அதே 'சும்மா பார்க்க'. இந்த முறை மருந்து தீர்ந்துவிட்டதா என்று பார்க்கிற பகுதியில்.

பெரிய உடம்பை முன்னால் சாய்த்து, சங்கடத்தோடு, ஏறக்குறைய மன்னிப்புக் கேட்கிற குரலில் அவர் கேட்டார்: "அக்கா, இது யாரோடது?"

"என்னோடது."

அந்த வரியில் உடனே ஒரு கோடு போட்டுவிடத் தோன்றியதோ என்னவோ, சொல்லும்போதே அக்காவின் வலது கை காதை நோக்கி உயர்ந்தது. தொடுவதற்கு ஒரு விரற்கடை முன்னால் நின்றது. பிறகு அப்படியே இறங்கி மடியில் இருந்த இடது கையின் மேல் அமர்ந்துகொண்டது.